அத்தியாயம் 7: மீட்பு வட்டு எழுந்தது, நெட் எழவில்லை

பென் டிரைவிலிருந்து கணினி பூட் ஆகி, திரையில் மீட்பு வட்டின் டெஸ்க்டாப் வந்துவிட்டது. பலர் இதோடு வேலை முடிந்தது என்று நிம்மதி அடைகிறார்கள். பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். உள்ளே உயிர் ஊசலாடும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை வெளியே கொண்டுபோக ஒரு வழி வேண்டும். யுஎஸ்பியில் இன்னொரு டிஸ்க்கைச் செருகலாம், கைவசம் பெரிதாக ஒன்று இருந்தால். ஆனால் பழைய கணினிகளின் யுஎஸ்பி 2.0 நொடிக்கு 30, 35 எம்பிக்கு மேல் தராது. லேன் கேபிள் ஜிகாபிட்டாக இருந்தால் 110 எம்பி வரை தரும். சாகப்போகும் டிஸ்க்குக்கு இந்த வித்தியாசம் பெரிது. அதனால்தான் லேன் கார்டுக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஒரு நடந்த கதையோடு தொடங்குகிறேன். கல்கத்தாவின் பெஹாலாவில், பர்ணஸ்ரீயில் ஒரு தரைத்தள வீடு. முந்தைய நாள் மாலை கால்பைசாகி அடித்து ஓய்ந்திருந்தது. சித்திரை, வைகாசி மாதங்களில் வங்காளத்தில் மாலை நேரத்தில் திடீரென்று கறுத்து வந்து இடியும் மின்னலுமாக அடித்துவிட்டுப் போகும் புயல்மழை அது. அந்த வீட்டில் ஒரு தமிழ் டீச்சர் முப்பது வருடமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். கணினி விண்டோஸ் வரை போகாமல் சுழன்றுகொண்டிருந்தது. டிஸ்க்கில் காதை வைத்தால் 'டிக், டிக்' என்ற சத்தம்.

"தம்பி, பத்து வருஷத்து நோட்ஸ் அதுலதான் இருக்கு. பசங்களுக்கு அடுத்த வாரம் டெஸ்ட் வைக்கணும்."

பென் டிரைவைப் போட்டேன், எழுந்தது. மூலையில் நெட்வொர்க் குறியின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. டீச்சரின் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து போனில், "டிரைவர் இல்லை அங்கிள், டிரைவர் போடுங்க" என்றார். இந்தத் தொழிலில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். பாதி நேரம் அது தப்பு.

லேன் சிப்பிலிருந்து கோப்பு நகரும் வரை ஐந்து கண்ணிகள் இருக்கின்றன. சிப் உயிரோடு இருக்க வேண்டும். டிரைவர் அதைப் பிடிக்க வேண்டும். சில சிப்புகளுக்கு ஃபர்ம்வேர் ஏற வேண்டும். கேபிளில் லிங்க் வர வேண்டும். கடைசியில் ஒரு ஐபி முகவரி வேண்டும். எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் தெரிவது அதே சிவப்புக் குறிதான். ஆகவே கீழிருந்து மேலே வரிசையாகப் பாருங்கள். நடுவில் குதித்தால் ஒரு முழு நாள் போய்விடும்.

இன்னொரு வார்த்தை. கட்டளைகளை இந்த நூல் முழுவதும் ஒலிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

கீபோர்டைத் தொடுவதற்கு முன் கணினியின் முதுகுப் பக்கம் குனியுங்கள். லேன் போர்ட்டில் இரண்டு சிறு விளக்குகள் இருக்கும். கேபிளைச் செருகியதும் ஒன்று நிலையாக எரிந்து மற்றது சிமிட்டினால் சிப்புக்கும் மறுமுனைக்கும் பேச்சு நடக்கிறது, மேலே போகலாம். இரண்டும் இருட்டாக இருந்தால் அதே கேபிளை ஒரு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். கேபிள் நல்லதென்று உறுதியாகும் வரை டிரைவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பெஹாலாவில் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே பல தெருக்களில் பிராட்பேண்ட் லைன் மாடியிலிருந்து மாடிக்குத் தாவித்தான் வருகிறது. ஒரு மொட்டை மாடியில் சின்னப் பெட்டிக்குள் ஒரு ஸ்விட்ச், அங்கிருந்து நாலு திசைக்கும் செப்புக் கேபிள். டைமண்ட் ஹார்பர் ரோட்டின் உட்பக்கச் சந்துகளில் தலை நிமிர்ந்து பார்த்தால் வானமே வலைக்குள் இருப்பதுபோல் தெரியும். கால்பைசாகி மின்னல் அந்தக் கேபிளின் மேல் விழவேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ வெட்டினாலே கேபிளில் ஒரு மின் உந்து ஏறி நேராக வீட்டுக் கணினியின் லேன் போர்ட்டுக்கு வந்து சேரும். லேன் போர்ட்டில் கேபிளையும் சிப்பையும் பிரித்துவைக்க ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. ஈத்தர்நெட் தர நிர்ணயத்தின்படி அது 1500 வோல்ட் வரை தாங்க வேண்டும். மின்னலின் உந்து அதைத் தாண்டினால் சிப் போய்விடும். மதர்போர்டின் மற்ற பாகங்கள் நல்லபடி ஓடும், லேன் மட்டும் செத்திருக்கும். மறுநாள் காலை எல்லாருக்கும் அது 'டிரைவர் பிரச்சினை'யாகத் தெரியும்.

அரைகுறையாகச் செத்த சிப்தான் மிக மோசம். கணினிக்கு அது தெரியும், டிரைவரும் பிடிக்கும், ஆனால் லிங்க் வராது. அல்லது கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி முழுக்கப் பூஜ்யமாக நிற்கும். இன்டெல் சிப்பாக இருந்தால் 'என்விஎம் செக்சம் சரியில்லை' என்ற பொருளில் ஒரு வரி திரையில் ஓடி, டிரைவர் வேலை செய்ய மறுத்துவிடும். இந்த அறிகுறிகளை மின்னல் அடித்த மறுநாள் பார்த்தால் நேரத்தை வீணாக்காமல் வேறு கார்டுக்குப் போய்விடுங்கள்.

சிப் யார், பிடித்தது எது

லினக்ஸ் மீட்பு வட்டில் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' என்று அடித்து, இடைவெளி விட்டு 'மைனஸ் என்என்கே' சேர்த்து என்டர் தட்டுங்கள். நீளமாக ஓடும். அதில் 'ஈத்தர்நெட் கன்ட்ரோலர்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள், நடுவில் ஒரு முக்காற்புள்ளி. முதல் எண் கம்பெனி, இரண்டாவது மாடல். 8086 என்றால் இன்டெல். 10இசி என்றால் ரியல்டெக். 14இ4 என்றால் பிராட்காம். பெஹாலாவில் நான் திறக்கும் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் 10இசி:8168 வரும். மதர்போர்டில் பதித்த ரியல்டெக் ஜிகாபிட் சிப் அது. பழைய கணினியாக இருந்தால் 8139, புதிய போர்டாக இருந்தால் 2.5 ஜிகாபிட் தரும் 8125.

இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் வெளிவந்த கார்டுக்குள் வருடத்துக்கு ஒரு சிப்பை மாற்றிப் போட்டு விற்ற கம்பெனிகள் உண்டு. எண் பொய் சொல்லாது.

அதன் கீழுள்ள வரிகளைப் பாருங்கள். 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று எழுதி ஆர்8169, இ1000இ, ஐஜிசி, டிஜி3 என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் டிரைவர் பிடித்துவிட்டது. அப்போது குறை வேறு இடத்தில். அந்த வரி இல்லாமல் 'கர்னல் மாட்யூல்ஸ்' என்ற வரி மட்டும் இருந்தால், டிரைவர் வட்டில் இருக்கிறது, ஏறவில்லை. 'மாட்ப்ரோப்' என்று அடித்து அந்தப் பெயரைக் கொடுத்து ஏற்றிப் பாருங்கள். இரண்டு வரியுமே இல்லையென்றால் உங்கள் வட்டுக்கு அந்தச் சிப்பைத் தெரியாது. ஈத்தர்நெட் வரியே இல்லையென்றால் பயாஸுக்குள் போய் 'ஆன்போர்டு லேன்' அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே அது இயக்கத்தில் இருந்தும் இங்கே வரி இல்லையென்றால் சிப் செத்துவிட்டது என்றே கொள்ளலாம்.

பர்ணஸ்ரீ வீட்டில் அந்த ஈத்தர்நெட் வரியே இல்லை. பயாஸில் எல்லாம் சரியாக இருந்தது. டீச்சரின் அண்ணன் மகன் சொன்ன டிரைவரைப் போட அங்கே சிப்பே உயிரோடு இல்லை.

வட்டுக்கும் வயது உண்டு

மீட்பு வட்டு என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் உறையவைத்த இயங்குதளம். அந்த நாளுக்குப் பின் பிறந்த சிப்பை அதற்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தை மறந்ததால் ஏற்படும் அலைச்சலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜெர்மனியில் கிளாஸ் நாப்பர் 2000இல் நாப்பிக்ஸை வெளியிட்ட காலத்தில், ஒரு சிடியைப் போட்டதும் சிப்பையெல்லாம் தானே கண்டுபிடித்து டெஸ்க்டாப் வருவதே அதிசயம். பிறகு ஹைரன்ஸ் பூட்சிடி வந்தது. அதன் பழைய வரிசையில் கடைசிப் பதிப்பான 15.2 வந்தது 2012இல். இன்றும் கணினி பழுது பார்ப்பவர்களின் மேஜை டிராயரைத் திறந்தால் அந்தச் சிடி கிடக்கும். உள்ளே இருப்பது குட்டி விண்டோஸ் எக்ஸ்பி. அதன் காலத்துக் கணினிக்கு இன்றும் கைகொடுக்கும், 2020க்குப் பிந்தைய போர்டில் அதை வைத்து நெட் தேடுவது வீண். பிறகு வந்த ஹைரன்ஸ் பிஇ வேறு ஜாதி, அடியில் இருப்பது விண்டோஸ் 10, 11இன் பிஇ என்ற குட்டிப் பதிப்பு.

லினக்ஸ் பக்கம் கணக்கு இன்னும் தெளிவு. இன்டெல்லின் 2.5 ஜிகாபிட் சிப்புக்கான ஐஜிசி டிரைவர் கர்னல் 4.20இல் சேர்ந்தது, அது 2018 டிசம்பர். ரியல்டெக் 8125 கர்னல் 5.4இல் ஆர்8169 டிரைவருக்குள் வந்தது, அது 2019 நவம்பர். 2019க்கு முந்தைய வட்டில் 8125ஐத் தேடினால் கிடைக்காது, எந்தக் கட்டளையும் அதை வரவழைக்காது. வட்டில் 'யுனேம் மைனஸ் ஆர்' என்று அடித்தால் கர்னல் எண் தெரியும். பென் டிரைவின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி அந்த எண்ணையும் எடுத்த மாதத்தையும் பேனாவால் எழுதிவையுங்கள்.

வட்டுக்கும் வயது உண்டு என்று நான் கற்றது 2020 மே மாதம். 20ஆம் தேதி ஆம்பன் புயல் கல்கத்தாவைப் புரட்டிப்போட்டது. ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன, பல தெருக்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் திரும்பி வந்தபோது ஏறி இறங்கி வந்தது. பொதுமுடக்கக் காலம் வேறு, சாந்தினி சௌக் கடைகளுக்குப் போய் ஒரு கேபிள்கூட வாங்க முடியாது. சகேர்பஜார் பக்கம் ஒரு மருந்துக்கடையின் கணினி எழவில்லை. அதில்தான் கடன் கணக்கும் ஸ்டாக்கும். என் கையில் இருந்தது 2014இல் எரித்த ஒரு சிடி. கடைக்காரரின் போர்டில் இருந்தது இன்டெல் ஐ219, அந்தச் சிப் 2015இல் வந்தது. எல்எஸ்பிசிஐ அதன் எண்ணைக் காட்டியது, டிரைவர் வரி காலி. புதிய வட்டை இறக்கிக்கொள்ள லைன் எங்கும் இல்லை. மொபைல் டவரும் வருவதும் போவதுமாக இருந்தது.

அரை நாள் தவித்தபின் புத்தி வந்தது. வீட்டில் செத்த கணினி ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டு ஒன்று இருந்தது, ரியல்டெக் 8168. பழைய வட்டுக்குப் பழைய கார்டைத் தெரியும். அதைச் செருகியதும் எழுந்தது. கார்டுக்கு டிரைவரைக் கொண்டுவர முடியாதபோது, வட்டுக்குத் தெரிந்த கார்டைக் கொண்டுவந்தால் போதும். அன்றிலிருந்து என் பையில் ஒரு 8168 கார்டு நிரந்தரம்.

ஃபர்ம்வேர்

சில சிப்புகள் டிரைவரோடு ஒரு சின்ன ஃபர்ம்வேர் கோப்பையும் கேட்கும். 'டிமெசேஜ்' என்று நாங்கள் வாயால் சொல்லும் கட்டளை, 'டி'யில் தொடங்கி 'மெஸ்ஜி' என்று முடியும், கர்னல் தன் அனுபவங்களை எழுதிவைக்கும் நாட்குறிப்பைத் திறந்து காட்டும். அதில் ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்ற வரி இருந்தால், கோப்பின் முழுப் பெயரும் அங்கேயே இருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். ரியல்டெக் 8168க்கு அந்த வரி வந்தாலும் பெரும்பாலும் லேன் ஓடும், அதற்கு ஃபர்ம்வேர் ஒரு சின்ன ஒட்டுவேலைதான். ஆகவே அந்த வரியைப் பார்த்து மிரண்டு ஓடாதீர்கள். பிராட்காமின் பிஎன்எக்ஸ்2 டிரைவர் பிடிக்கும் சர்வர் கார்டுகளுக்கோ ஃபர்ம்வேர் இல்லாமல் ஒரு அடி நகராது. வைஃபை கார்டுகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டாம் வகை. மீட்பு வேலையில் வைஃபையோடு மல்லுக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன், நீங்களும் கேபிளை எடுங்கள்.

நெடுங்காலம் டெபியன் தன் அதிகாரபூர்வ வட்டில் இந்தக் கோப்புகளைச் சேர்க்காமல் இருந்தது, அவற்றின் மூல நிரல் திறந்ததல்ல என்ற கொள்கைக்காக. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி மாற்றிக்கொண்டார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் வட்டிலேயே ஃபர்ம்வேர் வருகிறது. டெபியனை அடியில் வைத்துக் கட்டிய பழைய மீட்பு வட்டு உங்களிடம் இருந்து, ஃபர்ம்வேர் வரி வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். கோப்பை வேறு கணினியில் இறக்கி, 'லிப்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபர்ம்வேர்' ஃபோல்டரில் அதே பெயரில், அதே உள்ஃபோல்டரில் போட்டு, 'மாட்ப்ரோப் மைனஸ் ஆர்' கொடுத்து டிரைவரை இறக்கி, மறுபடி ஏற்றினால் ஓடும்.

நாமே கட்டிய வட்டுகளில் இன்னொன்றும் வரும். ஆர்8169 ஏறப் பார்த்து, 'ரியல்டெக்' என்ற துணை மாட்யூல் ஏறவில்லை என்று சொல்லி நிற்கும். டிரைவரை இறக்கி, முதலில் 'ரியல்டெக்' என்பதை ஏற்றி, பிறகு ஆர்8169ஐ ஏற்றுங்கள்.

தூங்கும் ரியல்டெக்

இதற்கு நான் தனி இடம் தருகிறேன், ஏனென்றால் இதைத் தெரியாமல் நல்ல போர்டுகளைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

விண்டோஸில் நேற்று வரை லேன் ஓடியது. மீட்பு வட்டில் பூட் செய்தால் எல்எஸ்பிசிஐ சிப்பைக் காட்டுகிறது, டிரைவரும் பிடித்திருக்கிறது, லிங்க் மட்டும் வரவில்லை. விளக்கும் எரியவில்லை. காரணம் பெரும்பாலும் விண்டோஸே. ரியல்டெக்கின் சில விண்டோஸ் டிரைவர்கள் ஷட் டவுன் நேரத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்கச் சிப்பை ஆழ்ந்த உறக்கத்தில் தள்ளிவிட்டுப் போகும். அடுத்து எழும் இயங்குதளத்துக்கு அதை எழுப்பத் தெரிந்திருக்க வேண்டும். பழைய லினக்ஸ் டிரைவருக்கும் டாஸ் டிரைவருக்கும் தெரியாது.

மருந்து சுலபம். கணினியை அணையுங்கள். சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்து, பவர் கேபிளைக் கழற்றுங்கள். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு மீண்டும் செருகி, நேராக மீட்பு வட்டில் பூட் செய்யுங்கள். நடுவில் விண்டோஸ் எழக் கூடாது. விளக்கு எரியும். விண்டோஸ் ஓடும் கணினியாக இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஷட் டவுனுக்குப் பின்னான வேக் ஆன் லேனை இயக்கிவைத்தால் பிறகு இந்தத் தொல்லை வராது.

கூடவே விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அது இயங்கினால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் அல்ல, பாதி உறக்கம். அந்த நிலையில் சி டிரைவை மீட்பு வட்டிலிருந்து எழுதும் உரிமையோடு மவுன்ட் செய்தால் கோப்புகள் குழம்பும். வாசிக்க மட்டும் மவுன்ட் செய்து நகலெடுங்கள்.

லிங்க் வந்தது, முகவரி வரவில்லை

'ஈத்டூல்' கட்டளையில் 'லிங்க் டிடெக்டட்: எஸ்' என்று வந்துவிட்டால் டிரைவர் தன் வேலையை முடித்துவிட்டது. இதற்கு மேல் வரும் எந்தக் குறைக்கும் அதன் மேல் பழி போடாதீர்கள். விண்டோஸ் வகை வட்டில் இதே உண்மை வேறு வடிவில் தெரியும். 'ஐபிகான்ஃபிக்' அடித்ததும் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் டிரைவர் நன்றாக ஓடுகிறது, முகவரி கொடுக்க எதிரில் ஆள் இல்லை, அவ்வளவுதான். தலைப்பு வரி மட்டும் வந்து ஒரு கார்டும் காட்டாமல் நின்றால்தான் டிரைவர் இல்லை.

லிங்க் வந்து வந்து போனால் கேபிளின் ஜோடிகளைச் சந்தேகியுங்கள். 100 எம்பிட்டுக்கு எட்டு கம்பிகளில் நாலு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரே கேபிளின் எட்டு கம்பிகளை நாலு நாலாகப் பிரித்து இரண்டு வீட்டுக்குக் கொடுப்பது இங்கே சாதாரணம். அந்த முனையில் ஜிகாபிட் கார்டு ஜிகாபிட்டுக்கே முயன்று முயன்று விழும். ஈத்டூலில் வேகத்தை 100 என்று நிர்ணயித்தால் நிலைக்கும்.

லைன் நேராகக் கணினிக்கு வரும் வீடுகளில் பிபிபிஓஇ லாகின் இருக்கும். விண்டோஸில் அது ஒருமுறை சேமித்து வைத்தது, வீட்டுக்காரருக்கே மறந்துபோயிருக்கும். மீட்பு வட்டில் அந்தப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் உயிர் வரும். இன்னொரு பூட்டு மேக் முகவரி. உள்ளூர் ஆபரேட்டர்கள் பலர் ஒரு கணக்கை ஒரே மேக் முகவரியோடு கட்டிவைப்பார்கள். நீங்கள் கார்டை மாற்றியதும் லைன் மௌனமாகிவிடும். ஆபரேட்டரின் ஆளைக் கூப்பிட்டால், "தாதா, லைன் டிக் ஆச்சே" என்று சத்தியம் செய்வார், அவர் சொல்வது உண்மைதான், லைன் நன்றாகவே இருக்கிறது. புதிய மேக் முகவரியைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு உண்மையில் இன்டர்நெட் வேண்டுமா? கோப்பு வெளியே போனால் போதும். உங்கள் லேப்டாப்பையும் நோயாளிக் கணினியையும் ஒரே கேபிளால் நேராக இணையுங்கள். ஜிகாபிட் போர்ட்டுகளுக்கு கிராஸ்ஓவர் கேபிள் தேவையில்லை. ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதுக்கு 192.168.10.2, இரண்டுக்கும் சப்நெட் 255.255.255.0. ஆபரேட்டரும் வேண்டாம், ரவுட்டரும் வேண்டாம். சிஸ்டம்ரெஸ்க்யூ வட்டில் இதைச் செய்யும்போது ஒரு பொறி இருக்கிறது. அதில் ஃபயர்வால் இயல்பாகவே இயங்கும். லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது, டிரைவர் பாதி வேலை செய்கிறது என்று நினைக்கத் தோன்றும். பூட் மெனுவில் 'நோஃபயர்வால்' என்ற சொல்லைச் சேர்த்து எழுப்புங்கள், ரூட்டுக்கு ஒரு கடவுச்சொல் வையுங்கள், லேப்டாப்பில் வின்எஸ்சிபி மூலம் உள்ளே போய்க் கோப்புகளை இழுங்கள்.

விண்டோஸ் வகை வட்டில் டிரைவர் ஏற்றுவது

விண்டோஸ் பிஇ முழுவதும் ரேமில், எக்ஸ் என்ற டிரைவில் ஓடுகிறது. நீங்கள் ஏற்றும் டிரைவர் அணைத்ததும் மறைந்துபோகும். கம்பெனி தளத்திலிருந்து இறக்கிய செட்டப் கோப்பு இங்கே ஓடாது. அதை விரித்து உள்ளே இருக்கும் ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், கேட் கோப்புகள் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைக்க வேண்டும். பிஇ 64 பிட் என்றால் டிரைவரும் 64 பிட். பிறகு 'டிஆர்விலோட்' என்று அடித்து ஐஎன்எஃப் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். வெற்றி என்று வந்ததும் 'டபிள்யூபிஇயூட்டில் இனிஷியலைஸ்நெட்வொர்க்'.

டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்ற இந்தச் சுழலில் மாட்டியவர்களுக்காக ஒரு வழி. அந்த டிரைவர் பெரும்பாலும் உங்கள் எதிரிலேயே, சாகக் கிடக்கும் அந்த டிஸ்க்கிலேயே இருக்கிறது. விண்டோஸ் தான் நிறுவிய ஒவ்வொரு டிரைவரின் முழு நகலையும் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெபாசிட்டரி என்ற பாதையில் சேமித்துவைக்கும். விண்டோஸ் 10 கணினியில் ரியல்டெக் என்றால் 'ஆர்டி640எக்ஸ்64' என்று தொடங்கும் ஃபோல்டரைத் தேடுங்கள். டிஆர்விலோடுக்கு அந்தப் பாதையைக் கொடுங்கள். பிஇயில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும், நோயாளியின் சி இங்கே டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம். டிஸ்க் மிக மோசமாக இருந்தால் இந்தத் தேடலையே தவிருங்கள், ஒவ்வொரு வாசிப்பும் அதன் ஆயுளில் ஒரு பங்கு.

இன்னொன்று, விண்டோஸ் பிஇ 72 மணி நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். மெல்லச் சாகும் டிஸ்க்கில் நகலெடுப்பு நாட்கணக்கில் நீளலாம், அப்படியான வேலைக்கு லினக்ஸ் வட்டுதான்.

யுஎஸ்பி வழி

பையில் ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் இருந்தால் மேலே சொன்னவற்றில் பாதி தேவைப்படாது. வாங்கும்போது சிப்பைக் கேட்டு வாங்குங்கள். ரியல்டெக் 8153 அல்லது ஏசிக்ஸ் 88179. இரண்டுக்கும் லினக்ஸ் கர்னலில் பல வருடமாக டிரைவர் இருக்கிறது. சிப் பெயர் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

அதுவும் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் வட்டுக்கு அது ஒரு லேன் கார்டாகவே தெரியும். விண்டோஸ் பிஇயில் ஆர்என்டிஐஎஸ் என்ற துணைப்பொதி சேர்த்துக் கட்டியிருந்தால்தான் தெரியும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் டெதரிங் தானாக அணையும், மறுபடி இயக்க வேண்டும்.

பர்ணஸ்ரீயில் எனக்குக் கைகொடுத்தது யுஎஸ்பி அடாப்டர்தான். 8153 அடாப்டரைச் செருகினேன், 'ஆர்8152' என்ற டிரைவர் தானாகப் பிடித்தது. மேக் புதியது என்பதால் ஆபரேட்டரின் லைன் ஏற்கவில்லை, அதற்காக நான் காத்திருக்கவும் இல்லை. ஒரு மீட்டர் கேபிளில் என் லேப்டாப்பை நேராகக் கட்டினேன். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கிய நகலெடுப்பில் டீச்சரின் நோட்ஸ் ஃபோல்டர் முதல் கால் மணி நேரத்திலேயே வந்துவிட்டது. ஃபோட்டோக்கள் மெல்ல வந்தன, சத்தம் கேட்கும் இடங்களில் நின்று நின்று. மாலை ஏழு மணிக்கு டிஸ்க் முழுவதுமாக நின்றபோது கடைசி இரண்டு ஃபோல்டர்கள் மட்டும் மிச்சம். அவை எல்லாம் பழைய சினிமாப் பாட்டுகள்.

"போகட்டும் தம்பி, அது என் வீட்டுக்காரர் சேத்தது, பென் டிரைவ்ல இன்னொரு காப்பி வெச்சிருக்கார்" என்றார்.

கிளம்புவதற்கு முன் அந்தக் கணினியின் பக்கக் கதவைக் கழற்றி உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டினேன். ஆன்போர்டு லேன் செத்த தேதி, புதிய அடாப்டரின் சிப் எண், அதன் மேக் முகவரி, பிபிபிஓஇ பயனர் பெயர். கடவுச்சொல்லை எழுதவில்லை. நீங்களும் உங்கள் கணினி நன்றாக ஓடும்போதே இன்று ஒருமுறை மீட்பு வட்டில் எழுப்பி, எல்எஸ்பிசிஐ எண்ணைக் குறித்து, லேன் வருகிறதா என்று பார்த்து, அப்படி ஒரு சீட்டை ஒட்டிவையுங்கள். ஃபேன் காற்று படாத இடமாகப் பாருங்கள், பெஹாலாவின் ஈரத்தில் ஒட்டு சீக்கிரம் விடும். வானம் கறுத்தால் பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.